இத்தா வீட்டில் கேட்ட வெள்ளைக்காரன் குரல்

மருதமுனை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பு மகள் றுக்ஸானாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் நஸீமும் என் பேரனும் அல்லாஹ்வின் காவலில் நல்ல சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நானும் இங்கே சுகம். தேவைக்கு மேலே சுகமாக இருக்கிறேன் என்பதுதான் ஊருக்கு இப்போது குறை, உனக்கும் அதுதான் குறை. போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ நாலு சொல்கிறாய், பிறகு பிள்ளை கூப்பிடுகிறான் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த விளையாட்டு நடக்காது, நான் முடிக்கும் வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். நதீராவோடு படிப்பிக்கிற டீச்சர் ஒருவரின் மகன் அடுத்த கிழமை மெல்பேர்னுக்குப் படிக்க வருகிறான், இதையும் கொஞ்சம் மிளகாய்த்தூளையும் அவன் கையில்தான் கொடுத்து விடுகிறேன். பையைத் திறந்து பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று கேட்காதே, அவனுடைய உம்மாவும் அவனுக்கு ஒரு மூட்டை கட்டி வைத்திருக்கிறாள்.

முதலில் வீட்டுச் செய்தி. மாரி மழை ஒருவழியாக ஓய்ந்தது. குசினிப் பக்கம் ஓடு ஒழுகியதை மேசன் வந்து பார்த்துச் சரிக்கட்டினான், நான் அறைக்குள் இருந்தபடியே நதீராவிடம் சொல்லிவிட்டு வேலை வாங்கினேன். வட்டையில் கதிர் முற்றத் தொடங்கிவிட்டதாம், குத்தகைக்குச் செய்கிறவர் ஆள் அனுப்பிச் சொன்னார், வாப்பா இருந்திருந்தால் இப்போது தினமும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வரம்பில் நின்று கதிரை எண்ணிக்கொண்டிருப்பார். எனக்குப் பிரஷர் குளிசை ஒழுங்காகப் போகிறது. என் தங்கச்சியின் மகள் நதீராதான் என்னோடு இருக்கிறாள், கல்முனையில் படிப்பித்துவிட்டு நேரே இங்கே வந்துவிடுவாள், அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் நல்ல வாழ்க்கை கொடுக்க வேண்டும். அவளையும் நீ போனில் ஏசியதாகக் கேள்விப்பட்டேன். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். உன் வொய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "உம்மா, வாப்பா மௌத்தாகி ரெண்டு மாசமும் ஆகல்ல. இத்தாவில இருந்துக்கிட்டு டிவியப் போட்டுச் சிரிக்கிறீங்களாம். உங்களுக்கு வாப்பாட கவலையே இல்லயா?" என்று கேட்டாய். வீடு என் பேரில் இருக்கிறது, என் வீட்டில் இப்படி நடக்கக் கூடாது, வாப்பாவின் தம்பி, சாச்சாவிடம் சொல்லியிருக்கிறேன், அவர் வந்து டிவியை எடுத்துக்கொண்டு போவார், புருசனை இழந்தவள் வீட்டோடு அடங்கி இருக்கிற இத்தாக் காலம் முடிந்த பிறகு தருவார் என்றும் சொன்னாய். சாச்சா வந்தார். டிவி போகவில்லை. இனியும் போகாது. வீடு உன் பேரில்தான், இல்லை என்று நான் எப்போது சொன்னேன். நம் பக்கத்து வழக்கப்படி பெண் பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துத்தான் கட்டிக்கொடுக்கிறது, நானும் வாப்பாவும் மனமொத்து உனக்கு எழுதித் தந்தோம். சுவர் உன்னுடையது, ஓடு உன்னுடையது, கிணறும் உன்னுடையது. என் வாயை அந்த உறுதிப் பத்திரத்தில் நாங்கள் எழுதவில்லை.

நான் என்ன பார்த்துச் சிரிக்கிறேன் என்று யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், சிரிக்கிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருப்பார்கள். நீ சின்ன வயதில் பார்த்த அந்தக் கார்ட்டூன் நிகழ்ச்சிதான் மகள். வாப்பா சவூதியில் தமாமில் லொறி ஓட்டின காலத்தில் அங்கே இங்கிலீஷ் சேனல் ஒன்றில் கிழமைக்கு ஒரு தரம் போனது. தலை நரைத்த வெள்ளைக்காரர் ஒருவர், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு டை, சரிந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பழைய காலத்துக் கார்ட்டூன்களை எப்படிக் கீறினார்கள் என்று காட்டுவார். ஒரு கடதாசியில் வாத்தைக் கீறுவார், அடுத்ததில் அதே வாத்தைக் கொஞ்சம் குனிய வைத்துக் கீறுவார், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து விரலால் புரட்டினால் வாத்து குனிந்து எழும்பும். பிறகு கறுப்பு வெள்ளையில் பழைய கார்ட்டூன் ஒன்றைப் போட்டு, இடையில் நிறுத்தி நிறுத்தி விளக்குவார். வாப்பா அதையெல்லாம் டெக்கில் பதிந்து கெசட் கெசட்டாகச் சேர்த்து, லீவில் வரும்போது டிவியோடும் டெக்கோடும் கொண்டு வந்தார். கரண்ட் இருந்த நாளில் கரண்டில் பார்த்தோம், இல்லாத நாளில் கார் பட்டரியில் பார்த்தோம்.

எங்களில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. வாப்பாவுக்குத் தெரியும் என்று நம்பினோம், சவூதிக்குப் போய் வந்தவர்தானே. அப்போது நாங்கள் இருந்தது என் உம்மாவின் வீட்டில். கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்கு வந்து இருக்கிற ஊர் இது, புது மருமகன் மாமியிடம் எனக்கு இது வேணும் அது வேணும் என்று வாய் திறந்து கேட்க மாட்டார். உன் வாப்பா அதிலும் வெட்கக்காரர், என் உம்மாவோடு நேருக்கு நேர் ஒரு சொல் கதைத்ததை நான் கண்டதில்லை. ஆனால் கெசட் ஓடினால் பாயில் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெள்ளைக்காரர் சொல்லச் சொல்ல நமக்குத் தமிழில் சொல்வார். அந்த வெள்ளைக்காரர் கார்ட்டூனோடு சேர்த்து எவ்வளவு நல்ல விசயங்கள் சொன்னார் தெரியுமா. பின்னேரத்தில் பால் விடாமல் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டி ஒன்று குடித்தால்தான் கை நடுங்காமல் கீற வரும் என்றார், என் உம்மா அப்போதே எழும்பிக் குசினிக்குப் போவா. கணவாய் மீன் கறி கண்ணுக்கு நல்லது என்றார், அடுத்த நாள் வீட்டில் கணவாய். பெண்சாதியை இடைக்கிடை மட்டக்களப்புக்கு ஒரு பயணம் கூட்டிப்போகாதவனுக்குக் கோடு நேராக வராது என்றார், உம்மா தானாகவே எங்களைப் போய்வரச் சொன்னா. புத்தியுள்ள மனுசன் என்றுதான் உம்மா மௌத்தாகும் வரை அவரைச் சொல்லிக்கொண்டிருந்தா. பிறகு நீ ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று கத்தின காலம் ஒன்று இருந்தது. காலையில் அழுகிற பிள்ளைகளைத் தான் கீறுவதே இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு சப்பாத்தைப் போட்டாய்.

சுனாமியில் கடல் வந்த அன்று டிவியும் டெக்கும் கெசட்டும் எல்லாம் போனது. உயிர் தப்பினதே பெரிது, அதைப் பற்றி யார் கதைத்தார்கள். இப்போது வாப்பாவும் போய், நீயும் வந்து இருந்துவிட்டுத் திரும்பிப் போன பிறகு, பேச்சுவாக்கில் அந்த வாத்தைப் பற்றி நதீராவிடம் சொன்னேன். அவள் யூடியூப்பில் தேடி எடுத்துவிட்டாள். எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ தன் பழைய கெசட்டுகளை அப்படியே போட்டு வைத்திருக்கிறார்கள், படத்துக்குள் மழை பெய்கிற மாதிரிக் கோடு கோடாக ஓடுகிறது, ஆனால் அதே மேசை, அதே டை, அதே மனுசன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நானும் அவளும் அறைக்குள் டிவியில் போட்டுப் பார்க்கத் தொடங்கினோம். நான் சிரித்தேன். வாய்விட்டுத்தான் சிரித்தேன், வயிறு நொந்து கட்டிலில் சாயும் வரைக்கும் சிரித்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் நம் நாச்சியாவின் காது இருக்கிறது என்பதை நான் மறந்துவிட்டேன். அஸருக்குப் பிறகு இத்தா வீட்டில் ஆம்பிளைக் குரல் கேட்கிறது, அதுவும் இங்கிலீஷில் கதைக்கிறான், அவளும் விழுந்து விழுந்து சிரிக்கிறாள் என்று அவள் போய்ச் சொல்லியிருக்கிறாள். சுனாமிக்குப் பிறகு வீடு கட்டித் தர வந்த என்ஜிஓ வெள்ளைக்காரர்களில் ஒருவன் திரும்பி வந்திருக்கிறான் என்று அதற்கு ஒரு கதையும் கட்டிவிட்டார்கள். அறுபது தாண்டிய எனக்கு வந்த யோகத்தைப் பார். ஒரு பின்னேரம் பள்ளிவாசலில் நம் குடிக்குப் பொறுப்பான மரைக்கார் உதுமாலெப்பையும் உன் சாச்சாவும் இன்னும் இரண்டு பேரும் வாசல் கேட்டடியில் வந்து நின்றார்கள். இத்தாவில் இருக்கிற பெண்ணின் வீட்டுக்குள் அன்னிய ஆண்கள் வர முடியாது என்பதால் நாச்சியாவையும் சாச்சாவின் பெண்சாதியையும் உள்ளே அனுப்பினார்கள். அவர்கள் அறைக்கதவைத் திறந்தபோது வெள்ளைக்காரர் டிவியில் வாத்தின் சொண்டைக் கீறிக்கொண்டிருந்தார். நாச்சியா அவரைக் கண்டும் திருப்திப்படாமல் கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தாள். குனிந்ததுதான் குனிந்தாய், அங்கே கிடக்கிற தேங்காய் இரண்டை எடுத்துத் தா என்று சொன்னேன்.

இதோடு விசயம் முடிந்திருக்க வேண்டும். ஒரு நல்ல பெண்ணைச் சந்தேகப்பட்டுவிட்டோம் என்று வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்க வேண்டும். இல்லை, மரைக்கார் கேட்டடியில் நின்றபடி, ஆள் இல்லாவிட்டாலும் சிரிப்பு இருக்கிறதுதானே, இத்தா வீட்டில் அது அழகில்லை, டிவியை நிப்பாட்டிவிடச் சொல்லுங்கள் என்றார். நான் யன்னல் திரைக்குப் பின்னால் நின்று நானே பதில் சொன்னேன். "மரைக்கார், பூச்சூடக் கூடாது, அத்தர் பூசக் கூடாது, தேவையில்லாம வெளியே போகக் கூடாது, இன்னொரு நிக்காஹ் பேசக் கூடாது. எல்லாத்துக்கும் நான் சரியா இருக்கன். சிரிக்கக் கூடாதெண்டு எந்தக் கிதாபில இரிக்கி எண்டு கொண்டுவந்து காட்டுங்க, டிவியத் தூக்கி உங்கட கையில தாறன்" என்றேன். அவர் பார்த்துச் சொல்கிறேன் என்று போனார், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் போல. அடுத்த நாள் நான் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். நாச்சியா மதிலோடு நின்று கஷ்டப்பட்டுக் காது கொடுக்கத் தேவையில்லை, அவளுடைய வீட்டுக் கதிரையில் இருந்தே கேட்கலாம்.

நீ அனுப்பிய உத்தரவோடு உன் சாச்சா முகம்மது தம்பி ஒரு த்ரீவீலரைப் பிடித்துக்கொண்டு வந்தார். புருசனின் தம்பி எனக்கு அன்னிய ஆண், அது உனக்கும் தெரியும். நான் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மச்சி கொஞ்சம் மற்ற அறைக்குப் போங்களேன் என்று திரைக்கு வெளியே நின்று கேட்டார். கால் நோகிறது, எழும்ப ஏலாது என்றேன். இத்தாவைக் காட்டித்தானே என்னை அடக்க வந்தார்கள், அந்த இத்தாவை வைத்தே நான் அவரை வாசலில் நிப்பாட்டினேன். கோபமா உனக்கு, இருக்கட்டும். அவர் நின்றபடியே நதீரா கொடுத்த பிளேன்டியைக் குடித்தார். நான் டிவியை நிப்பாட்டவும் இல்லை. வெள்ளைக்காரரின் குரலைக் கேட்டதும் அவருக்குத் தன் காக்காவின் ஞாபகம், உன் வாப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது, காக்கா சொல்லித் தந்த ஆள்தானே இது, கணவாய்க் கறி கண்ணுக்கு நல்லது என்று சொன்ன ஆள், நான் இன்றைக்கும் என் பிள்ளைகளுக்கு அதைச் சொல்கிறேன் என்றார். அப்போதுதான் நான் அவருக்கும் உண்மையைச் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன், நீயும் கதிரையில் உட்கார்ந்துகொண்டு வாசி.

நதீரா முதன்முதலில் அதைப் போட்ட அன்று, நான் பெரிய ஆளாக அவளுக்கு விளக்கம் சொன்னேன். இப்போது பார், இவர் இஞ்சி பிளேன்டியைப் பற்றிச் சொல்லப் போகிறார் என்றேன். அவள் டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். பெரியம்மா, அவர் பென்சிலை எப்படிச் சீவ வேண்டும் என்றுதானே சொல்கிறார் என்றாள். கணவாயைப் பற்றிச் சொன்ன இடம் வந்தது, அங்கே அவர் மையைப் பற்றிச் சொல்கிறாராம். மட்டக்களப்புப் பயணம் சொன்ன இடத்தில் பூனை எப்படி மாடிப்படி ஏறும் என்று காட்டுகிறாராம். ஒன்று கூட இல்லை மகள். அந்த மனுசன் எங்கள் வீட்டைப் பற்றி ஒரு சொல் கூடச் சொல்லவில்லை. மாமியிடம் கேட்க வெட்கப்பட்ட உன் வாப்பா தனக்கு வேண்டியதையெல்லாம் அந்த வெள்ளைக்காரரின் வாயில் வைத்துக் கேட்டிருக்கிறார். இஞ்சி பிளேன்டிக்கு ஆசைப்பட்டது வாப்பா. என்னைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போக ஆசைப்பட்டதும் வாப்பா. உன் அழுகையை நிறுத்தினதும் வாப்பாதான். சவூதியில் அவர் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் ரிவர்ஸ், ஸ்டொப், ஓகே, அவ்வளவுதான் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. உன் சாச்சாவுக்குத்தான் பெரிய அடி, காக்கா பொய் சொன்னாரா என்று கேட்டார், பிறகு கோப்பையை வைத்துவிட்டு, வந்த வேலையையும் மறந்து த்ரீவீலரில் ஏறிப் போய்விட்டார்.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் எழுதுகிறேன். ஒரு கார்ட்டூனில் வாத்து மலை விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் ஓடிக்கொண்டே இருக்கும், கீழே பார்த்த பிறகுதான் விழும். அந்த இடத்தில் வெள்ளைக்காரர் உண்மையில் சொன்னதாக நதீரா சொன்னது, விழுகிறதுக்கு முன்னால் வாத்தைக் கொஞ்சம் நிற்க வைக்க வேண்டும், அந்த நிற்கிற நேரத்தில்தான் ஆட்களுக்குச் சிரிப்பு வரும் என்று. வாப்பா அன்றைக்கு எங்களுக்குச் சொன்னது இது: "இவனும் சவூதிக்குப் போனவனாம். கீழ பாக்காத வரைக்கும் விழமாட்டானாம்." நாங்கள் எல்லோரும் சிரித்தோம், என் உம்மாவும் சிரித்தா. அங்கே என்ன கஷ்டப்பட்டார் என்று அவர் எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் டிவியும் டெக்கும் வந்த சந்தோசத்தில் கேட்டதில்லை. சொல்லத்தான் செய்திருக்கிறார், வாத்தின் கணக்கில் சொல்லியிருக்கிறார்.

கவலையே இல்லையா என்று கேட்டாய். இருக்கிறது மகள். சுபஹுக்கு எழும்பினால் இருக்கிறது, சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இருக்கிறது. நீ வந்து இருந்த நாட்களில் நான் அழுததை நீயே பார்த்தாய். இத்தனை வருசம் ஒரு மனுசன் எனக்குப் பொய் சொல்லியிருக்கிறார், ஒரு தரம் கூடப் பிடிபடவில்லை, பிடித்த அன்று முகத்துக்கு நேரே கேட்க ஆள் இல்லை. நான் சிரிக்கிறது கார்ட்டூனைப் பார்த்து இல்லை, உன் வாப்பாவைப் பார்த்துத்தான். ஊரில் எல்லோரும் அவரை நினைத்து அழுதார்கள், ஓதினார்கள், நல்லதுதான், அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். ஆனால் அவரை நினைத்துச் சிரிக்க என்னை விட்டால் யாருக்குத் தெரியும். அதையும் நிப்பாட்டச் சொன்னால் அந்த மனுசனுக்கு நான் என்ன பெண்சாதி. இத்தாவில் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாளும் நான் இருப்பேன், ஒரு நாள் குறைக்க மாட்டேன், ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு டிவியும் போடுவேன். நஸீமின் உம்மா கேட்டால், மாமி, என் உம்மா வாப்பாவின் பகிடிக்குச் சிரிக்கிறா என்று சொல். உனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தால் என் நம்பரைக் கொடு, நான் சொல்கிறேன்.

இந்த வீட்டில் எனக்குப் பொய் சொல்ல இனி ஒருவரும் இல்லை. என் கவலை அதுதான், வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். வேலை வேலை என்று இரவில் சோறு தின்னாமல் படுக்காதே. பிள்ளைக்குத் தமிழ் கதைத்துக் கொடு, போனில் அவன் என்னைப் பார்த்து ஹாய் என்று கையை ஆட்டிவிட்டு ஓடுகிறான். மருமகனுக்கு என் சலாம், அவரோடு எனக்குக் கோபம் இல்லை, உன்னோடும் கோபம் இந்தக் கடிதத்தோடு சரி. சாச்சாவுக்குப் போனில் ஒரு கோல் எடுத்து ஆறுதல் சொல், பாவம், இந்த வயதில் கணவாயில் நம்பிக்கை போய்விட்டது. அல்லாஹ் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளையும் ஈமானையும் உழைத்துத் தேடுகிற ரிஸ்கில் பரக்கத்தையும் தந்து, எந்த நாட்டில் இருந்தாலும் தலை நிமிர்ந்து இருக்க வைக்கட்டும், ஆமீன்.

ஒரு வேலை சொல்கிறேன், மறக்காதே. அந்த நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியை நான் இன்னும் பார்க்கவில்லை. அது அங்கே டிவியில் போகிறதுக்கு முன்னமே வாப்பா சவூதியை விட்டு வந்துவிட்டார், அதனால் அதற்கு மட்டும் அவர் தமிழ் சொன்னதில்லை. நதீரா சொல்லித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். நீ அதைப் போட்டுப் பார்த்து, அந்த வெள்ளைக்காரர் கடைசியாக என்ன சொல்கிறார் என்று எனக்கு வொய்ஸில் அனுப்பு. உனக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், அவர் சொன்னதைச் சொன்னபடியே சொல்லிவிடாதே.

துஆவுடன்,
உன் உம்மா
ஹாஜறா உம்மா